டெல்லி கணேஷைத் தேடினால் என்ன கிடைக்கிறது? பழைய தமிழ்ப் படங்களுக்கான ஓடிடி சந்தா: ஒரு மதிப்புரை

பழைய தமிழ்ப் படங்களைப் பார்ப்பதற்காக ஓடிடி சந்தா கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக, படங்களின் எண்ணிக்கை, படத்தின் தெளிவு, மாதக் கட்டணம் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதப்பட்ட மதிப்புரைகள் நிறையவே கிடைக்கின்றன. நான் வேறொரு கேள்வியை வைத்துக்கொண்டு இந்தச் சேவைகளைச் சோதித்துப் பார்த்தேன். கதாநாயகனாக நிற்காமல், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கேமராவின் முன் உழைத்த ஒரு குணச்சித்திர நடிகரின் வாழ்நாள் வேலையை இவற்றின் வழியாக ஒருவர் தொடர்ச்சியாகப் பார்த்துவிட முடியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்கு நான் எடுத்துக்கொண்ட நடிகர் டெல்லி கணேஷ். பயன்படுத்தியவை இரண்டு கட்டணச் சேவைகளும், யூடியூபில் விளம்பரங்களோடு இலவசமாகக் கிடைக்கும் முழுப் படங்களும். கீழே சொல்லும் குறைகள் கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் இருப்பவை என்பதால், சந்தா கட்டிய நிறுவனங்களின் பெயர்களை நான் குறிப்பிடவில்லை.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1944 ஆகஸ்ட் 1 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த வல்லநாட்டில் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றினார். தில்லியில் இருந்தபோது தக்ஷிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடித்தார். வேலையை விட்டுச் சென்னைக்கு வந்த பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். விசு எழுதிய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் திரைப்படமாக்கியபோது, 1977இல் வெளியான அந்தப் படத்தில் அவரை அறிமுகப்படுத்தி, டெல்லி கணேஷ் என்ற பெயரையும் கொடுத்தார். முப்பது வயதைத் தாண்டி, நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு, அழகிய முகமோ திரைத்துறையில் உறவோ இல்லாமல் வந்த ஒருவர் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து முடித்திருக்கிறார். 2024 நவம்பர் 9 அன்று இரவு, தமது எண்பதாவது வயதில், சென்னை ராமாபுரத்தில் காலமானார். விமானப் படையினர் வந்து இறுதி மரியாதை செலுத்தினார்கள். இப்படிப்பட்ட ஒருவருக்குத் திரைக்கு வெளியே நினைவுச் சின்னம் என்று எதுவும் தேவையில்லை. படங்கள் ஒழுங்காகக் கிடைத்தாலே போதும்.

ஆனால் அந்தப் படங்களைத் தேடத் தொடங்கியவுடனேயே சிக்கலும் தொடங்கிவிடுகிறது. தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு சேவையில் எதுவுமே வரவில்லை. ஆங்கில எழுத்துகளில் எழுதினால் ஏழெட்டுப் படங்கள் வந்தன. அதே சேவையில் அவர் நடித்த வேறு பல படங்கள் இருப்பதைப் பின்னால்தான், அந்தந்தப் படத்தின் பெயரைச் சொல்லித் தேடியபோது கண்டுபிடித்தேன். காரணம் எளிமையானது. ஒவ்வொரு படத்தின் விவரப் பக்கத்திலும் நடிகர்கள் என்று மூன்று அல்லது நான்கு பெயர்களைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள், தேடலும் அந்த நான்கு பெயர்களைத்தான் பார்க்கிறது. குணச்சித்திர நடிகரின் பெயர் பெரும்பாலும் ஐந்தாவது இடத்திலிருந்துதான் தொடங்கும். எனவே, ஒருவர் எத்தனை அதிகமாக, எத்தனை விதமான படங்களில் உழைத்திருக்கிறாரோ, அந்த அளவுக்கு அவர் தேடலுக்கு அகப்படாமல் போய்விடுகிறார். படங்கள் அங்கேதான் இருக்கின்றன, நடிகரைத்தான் காணவில்லை. யூடியூபில் நிலைமை சற்று மேல். படத்தைப் பதிவேற்றியவர்கள் விளம்பரத்துக்காகவேனும் எல்லா நடிகர்களின் பெயர்களையும் குறிப்பில் எழுதிவைப்பதால், தேடினால் கிடைத்துவிடுகிறது.

அவருடைய வேலையின் அகலத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் துரை இயக்கிய ‘பசி’யிலிருந்து (1979) தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று டெல்லி கணேஷ் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது விபூதியும் பூணூலும் அணிந்த நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர். அந்த நினைப்பை முதலிலேயே உடைத்துவிடும் படம் இது. சென்னையின் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டியாக, சோபா நடித்த குப்பம்மாவின் தந்தையாக, அவர் இதில் வருகிறார். திரைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆன நடிகர், பல குழந்தைகளுக்குத் தகப்பனாக, சென்னைத் தமிழ் பேசி, உடம்பில் உழைப்பின் களைப்போடு நடமாடுகிறார். சோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்த இந்தப் படத்துக்காக, டெல்லி கணேஷுக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. இவ்வளவு முக்கியமான படத்தை நான் பார்க்க நேர்ந்த பிரதி, பழைய ஒளிநாடாவிலிருந்து எடுக்கப்பட்டதைப் போல வெளிறிப்போய் இருந்தது. இரவுக் காட்சிகளில் முகங்களைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது. வண்ணத்தைச் சீர்செய்து, ஒலியை மெருகேற்றி வெளியிடும் வசதி பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கு மட்டும் கிடைத்துவருவதை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. ‘பசி’ போன்ற படங்களுக்கு அந்தச் செலவைச் செய்பவர் யாராக இருந்தாலும் நான் அவர்களுக்கு முன்கூட்டியே ஓர் ஆண்டுச் சந்தா கட்டத் தயாராக இருக்கிறேன்.

அடுத்து ‘சிந்து பைரவி’ (1985). சிவகுமார் நடித்த ஜே.கே.பி. என்ற சங்கீத வித்வானுக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ் வருகிறார். படத்தின் தொடக்கத்தில், மது அருந்திவிட்டு மேடைக்கு வந்த குருமூர்த்தியை ஜே.கே.பி. கண்டுபிடித்து வெளியேற்றிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்கிறார். பின்னால் அதே ஜே.கே.பி. குடியில் விழப்போகிறார் என்பதால், கதையின் பாரம் முழுவதும் இந்தக் காட்சியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாத்தியக்காரரின் அவமானம் உண்மையாக இல்லாவிட்டால் பின்னால் வரும் வித்வானின் வீழ்ச்சிக்கும் அளவுகோல் இருக்காது. டெல்லி கணேஷ் இதை எப்படிச் செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். குடிகாரனுக்கென்று நம் திரையில் வழக்கமாக இருக்கும் தள்ளாட்டத்தையும் குழறலையும் அவர் நம்புவதில்லை. தான் குடித்திருப்பது தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் மனிதனின் கூடுதல் ஒழுங்கையும் கூடுதல் பணிவையும்தான் முதலில் காட்டுகிறார். பிடிபட்ட பிறகு உடம்பு சுருங்குகிறது. அவருக்கு அங்கே நீளமான வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த மாதிரி நடிப்புக்குத்தான் படச்சட்டத்தின் அளவு மிகவும் முக்கியமாகிறது. அந்தக் காலத்துப் படங்களை இன்றைய அகலத் தொலைக்காட்சித் திரையில் கறுப்புப் பட்டைகள் இல்லாமல் நிரப்ப வேண்டும் என்பதற்காக, சில பிரதிகளில் மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். சினிமாஸ்கோப் படம் என்றால் இரு ஓரங்களையும் வெட்டுகிறார்கள். கதாநாயகன் சட்டத்தின் நடுவில் நிற்பதால் அவருக்கு எந்தச் சேதமும் இல்லை. ஓரத்தில் நின்று அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் பாதி முகம் போய்விடுகிறது, மடியில் இருக்கும் கைகள் போய்விடுகின்றன. ஒரு படத்தில், இருவர் பேசும் காட்சி ஒன்றில், டெல்லி கணேஷின் குரல் கேட்கிறது, அவருடைய தோளும் ஒரு காதும் மட்டும் திரையில் இருக்கின்றன. அதே படத்தின் யூடியூப் பிரதியில் தெளிவு குறைவாக இருந்தாலும், சட்டம் வெட்டப்படாமல் இருந்ததால் அவர் முழுமையாக இருந்தார். ஒருவரின் பேச்சுக்கு எதிர்வினை காட்டுவதில்தான் குணச்சித்திர நடிகரின் தொழில் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அந்தப் பாதியை வெட்டித் தருவதை எந்தத் தெளிவும் ஈடுசெய்யாது.

எல்லோரும் பார்த்திருக்கும் ‘மைக்கேல் மதன காமராஜ’னுக்கு (1990) வருகிறேன். கமல்ஹாசனின் நான்கு வேடங்களில் ஒன்றான காமேஸ்வரனை வளர்த்த தந்தையாக, பாலக்காட்டு மணி ஐயர் என்ற சமையல்காரராக, டெல்லி கணேஷ் நடித்திருக்கிறார். கிரேஸி மோகனின் வசனம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது தெரிந்ததே. அந்த வேகத்தில் நடிப்பவர்களில் பெரும்பாலோர், தாங்கள் சொல்வது சிரிப்புக்குரியது என்பதை முகத்தில் எங்கேயாவது காட்டிக்கொடுத்துவிடுவார்கள். மணி ஐயரின் முகத்தில் அந்த அறிகுறி ஒரு நொடிகூடத் தென்படுவதில்லை. சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது சிரிப்பு. கல்யாணச் சமையலை ஒப்புக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு அது தொழிலும் மானமும் சேர்ந்து போகும் நேரம். அவர் அந்தப் பயத்தை முழு மனதோடு நடிப்பதால்தான் சிரிப்பு இரண்டு மடங்காகிறது. வல்லநாட்டில் பிறந்தவருக்குப் பாலக்காட்டுத் தமிழின் ஏற்ற இறக்கம் இத்தனை இயல்பாக வாய்த்ததும், கமலின் தாளத்துக்கு இடைவெளி விடாமல் ஈடுகொடுத்ததும் மேடைப் பயிற்சியால் வந்தவை என்றே நினைக்கிறேன். நாடக மேடையில் மறு டேக் கிடையாது. எதிரே நிற்பவர் சொல்வதை உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டால்தான் தன் வசனத்தைச் சரியான கணத்தில் போட முடியும்.

இந்தப் படத்தை யூடியூபில் முழுதாகப் பார்க்கலாம் என்றாலும், அங்கே அதிகம் சுற்றுவது துண்டுகளாக வெட்டப்பட்ட நகைச்சுவைக் காட்சிகள்தான். அவற்றை வெட்டுபவர்கள் கதாநாயகனின் வசனம் முடிந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மணி ஐயரின் முகத்தில் நடப்பது போய்விடுகிறது. துண்டுகளைப் பார்த்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாக நினைக்கும் இளைஞர்களிடம், முழுப் படத்தையும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

கட்டணச் சேவைகளில் விளம்பரத் தொல்லை இல்லை என்பது பெரிய ஆறுதல். ஒலி நன்றாக இருக்கிறது, பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடர முடிகிறது, வீட்டில் உள்ள பெரியவர்கள்கூட எளிதாக இயக்க முடிகிறது. ஆனால் படம் தொடங்கியவுடன் டைட்டிலைத் தாண்டிச் செல்லும் பொத்தான் வருகிறது. படம் முடிந்தவுடன் சில நொடிகளில் அடுத்த படத்தின் முன்னோட்டம் தொடங்கி, ஓடிக்கொண்டிருக்கும் பெயர்ப் பட்டியலைத் திரையின் மூலையில் சிறு கட்டமாக ஒடுக்கிவிடுகிறது. நம் படங்களில் குணச்சித்திர நடிகர்களின் பெயர்கள் எழுத்தில் வரும் ஒரே இடம் அந்த டைட்டில்தான். நானூறு படங்களில் நடித்தவர் பெயரை நானூறு முறை எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நம் கண்ணில் படாமல் செய்வதை வசதி என்று விற்கிறார்கள். டப்பிங் கலைஞர்களின் நிலை இதைவிட மோசம். பிற நடிகர்களுக்குக் குரல் கொடுப்பதும் டெல்லி கணேஷ் செய்துவந்த வேலைதான். அந்த வேலையைப் பற்றிய குறிப்பு நான் பார்த்த எந்த விவரப் பக்கத்திலும் இல்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே வசன எழுத்து வேண்டும் என்று விரும்பும் காது கேளாதவர்களுக்கும், பழைய படங்களைப் பொறுத்தவரை, அநேகமாக எதுவும் இல்லை.

மற்றப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘நாயக’னில் (1987) வேலு நாயக்கரின் அருகிலேயே இருக்கும் ஐயராக அவர் வருகிறார், தலைவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு பேச வேண்டும், எவ்வளவு பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டே ஆண்டுகள் கழித்து, ‘அபூர்வ சகோதரர்க’ளில் பிரான்சிஸ் அன்பரசு என்ற வில்லனாக வருகிறார். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகிய மூவரோடு நால்வரில் ஒருவராக நின்றும் தன் முகம் மறக்காதபடி செய்திருக்கிறார். ‘அவ்வை சண்முகி’யில் (1996), ஜெமினி கணேசன் நடித்த விஸ்வநாத ஐயரிடம் வேலை பார்க்கும் சேதுராம ஐயர், வெளியே ஆசாரமும் உள்ளே வேலைக்காரப் பெண்ணோடு ரகசிய உறவுமாக அலையும் அந்த மனிதரை வெறுக்க முடியாதபடி அவர் செய்திருப்பது வியப்புக்குரியது. ‘தெனாலி’யின் (2000) மருத்துவர் பஞ்சபூதம் எனக்கு அவ்வளவாகப் பிடித்த வேடம் அல்ல, அவரிடமிருந்து எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்ட பதற்றத்தைத்தான் அங்கே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். தொழிலாக நடிப்பவர்களுக்கு இப்படியும் ஆண்டுகள் வரும். கால்ஷீட் கேட்டு வருபவர் போன முறை வெற்றி பெற்றதையே மறுபடி கேட்பார். வீடு நடக்க வேண்டும், கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். நல்ல வேடத்துக்காகக் காத்திருக்கும் வசதி கதாநாயகர்களுக்குத்தான் உண்டு. அப்படிப்பட்ட வேடங்களிலும்கூட அவர் வேலையை மட்டமாகச் செய்ததாக எனக்கு ஓர் உதாரணமும் அகப்படவில்லை. 1994இல் கிடைத்த கலைமாமணி விருது இந்த அன்றாட உழைப்புக்கும் சேர்த்துக் கிடைத்ததாகவே கருதுகிறேன்.

1981இல் ‘எங்கம்மா மகாராணி’யில் அவர் கதாநாயகனாக நடித்தது உண்டு, அது அவர் பாதையை மாற்றவில்லை. ஒரு கதையின் முழுப் பாரத்தையும் அவர் தோளில் வைத்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டியது, ஓடிடிக்காகவே எடுக்கப்பட்ட ஒரு படம்தான். கொரோனா காலத்தில் வேலையிழந்த தமிழ்த் திரைத் தொழிலாளர்களுக்கு உதவும் நோக்கத்தோடு, மணிரத்னமும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் தயாரித்த ‘நவரசா’ 2021 ஆகஸ்ட் 6 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அதன் ஒன்பது கதைகளில் ஒன்று, தி. ஜானகிராமன் எழுதிய ‘பாயசம்’ சிறுகதையை வஸந்த் எஸ். சாய் இயக்கியது. அருவருப்பு என்ற சுவைக்கான கதை அது. அண்ணன் மகனின் செல்வத்தையும் நல்ல பெயரையும் பொறுக்க முடியாமல், அவன் வீட்டுக் கல்யாணத்தில் பாயச அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, அதற்குள் ஏதோ விழுந்து கிடந்ததாகப் பொய் சொல்லும் சாமநாது என்ற முதியவராக டெல்லி கணேஷ் நடித்திருக்கிறார். விதவையான மகளாக அதிதி பாலனும், இறந்துபோன மனைவியாக ரோகிணியும் உடன் நடித்திருக்கிறார்கள்.

இந்த ஒரு படத்துக்காகவே சந்தா கட்டலாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கல்யாணச் சமையலறையில் மானத்தைக் காக்கப் போராடிய மணி ஐயரைப் பார்த்துச் சிரித்தவர்கள், முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து அதே முகம் இன்னொரு கல்யாணச் சமையலறையில் சமைத்து வைத்ததை அழிக்கப் போவதைப் பார்க்கலாம். சாமநாதுவின் பொறாமையை அவர் உரக்கக் காட்டுவதில்லை. ஊரார் அண்ணன் மகனை வாழ்த்தும்போது அவர் தலை இன்னொரு பக்கம் திரும்புகிறது; யாராவது மரியாதையோடு பேசினால் அதற்குள்ளும் ஓர் அவமதிப்பைத் தேடிக் கண்கள் சுருங்குகின்றன. அண்டாவைத் தள்ளிய பிறகு அவருக்குக் கிடைப்பது ஒரு கணத்து நிறைவு. மகள் அவரைப் பார்க்கும் பார்வையில் அந்த நிறைவு கரைந்து, தான் செய்தது தனக்கே தெரியும் என்பது முகத்தில் படிகிறது. படச்சட்டம் ஒழுங்காக இருக்கிறது, வண்ணம் அருமையாக இருக்கிறது, கேமரா அவர் முகத்தைவிட்டு அவசரமாக விலகுவதில்லை. எழுபத்தேழாவது வயதில் ஒரு நடிகருக்கு இது கிடைத்திருக்கிறது. நாற்பதாவது வயதில் கிடைத்திருந்தால் நமக்கு என்னென்ன படங்கள் மிஞ்சியிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆக, ஒரு நடிகரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்க்கும் நோக்கத்தோடு வருபவர்களுக்கு இந்தக் கட்டணச் சேவைகளை நான் அரை மனதோடுதான் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். அந்த அரை, பெரியவர்களும் எளிதாகப் பயன்படுத்த முடிகிறது என்பதற்காக. ஓராண்டுச் சந்தா இந்த நோக்கத்துக்குத் தேவையில்லை. ஒரு மாதச் சந்தா எடுத்துக்கொண்டு ‘பாயசம்’, ‘நாயகன்’, ‘அவ்வை சண்முகி’ போன்றவற்றில் எது அந்தச் சேவையில் இருக்கிறது என்பதைப் படத்தின் பெயரைக் கொண்டே தேடிப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு யூடியூபுக்குப் போகலாம். படப் பட்டியல் மாதாமாதம் மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் இலவசமாகத் தேடிப் பார்க்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். யூடியூபில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும். அதிகம் பேர் பார்த்த பிரதியைவிட, தலையும் ஓரமும் வெட்டப்படாத பிரதியைத் தேர்ந்தெடுங்கள். பாடல் காட்சிகளை நீக்கிச் சுருக்கிய பிரதிகளில் சிறு வேடக்காரர்களின் காட்சிகளும் சேர்ந்தே போயிருக்கும் என்பதால், ஓடும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சேவை நடத்துபவர்களிடம் கேட்க என்னிடம் இருப்பது அதிகமில்லை. டைட்டிலில் உள்ள எல்லாப் பெயர்களையும் விவரப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்து தேடலோடு இணைத்துவிட்டால், டெல்லி கணேஷுக்கு மட்டுமின்றி, அவரைப் போல உழைத்த நூற்றுக்கணக்கானவர்களுக்கும் ஒரே வேலையில் வழி திறந்துவிடும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், ஒரு சில மாதங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆட்கள் வேண்டும். அதுவரை, பார்ப்பவர்கள் தங்கள் கணக்கின் அமைப்புப் பகுதிக்குப் போய், அடுத்த படம் தானாகத் தொடங்கும் வசதியையும் முன்னோட்டம் தானாக ஓடும் வசதியையும் அணைத்து வைக்கலாம். இரண்டையும் தனித்தனியாக அணைக்க வேண்டும், வீட்டில் பலர் பயன்படுத்தினால் ஒவ்வொருவரின் பக்கத்திலும் தனியாக அணைக்க வேண்டியிருக்கும்.